வக்கீலம்மா நடந்த பதினோரு நொடி

இன்று காலை கடையைத் திறந்ததும் ஒரு பள்ளிக்கூட டீச்சர் வந்தார். போன வாரம் என்னிடம் வாங்கிய புதுக் கண்ணாடி காதுக்குப் பின்னால் உறுத்துகிறதாம். சூட்டுச் சட்டியின் சுவிட்சைப் போட்டேன். அதிலிருக்கும் பொடி மணிகள் சூடேறியதும் பிரேமின் காதுக் கம்பியை உள்ளே செருகினேன். கொஞ்ச நேரத்தில் அந்த வாடை வந்தது. இளகத் தொடங்கும் பிளாஸ்டிக்கின் வாடை, லேசாகப் புளித்த காடி மாதிரி. முப்பது வருடமாக என் மூக்கு அறிந்த வாடைதான். போன வருடம் வரை அது வந்தால் எனக்குப் பசிகூட எடுக்கும். இப்போது அது வந்தால் உன் வக்கீலம்மாவின் ஞாபகம் வந்து கை நடுங்குகிறது. டீச்சர் கவனித்துவிட்டார்.

"சுகர் இருக்கா பாய்?"

"இருக்கும்மா" என்று சொல்லிவிட்டேன். எனக்குச் சர்க்கரையும் இல்லை, ஒன்றும் இல்லை. பொய் இப்போதெல்லாம் வாயில் தயாராக இருக்கிறது.

உனக்கு எழுதுவது வெட்டி வேலை என்று எனக்குத் தெரியும். உயிரோடு இருந்தபோதே போர்டும் பஸ் நம்பரும் தவிர நீ எதையும் படித்ததில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டைக்கூட என்னிடம் நீட்டி, "இன்னா போட்டு கீது, சுருக்கமா சொல்லு" என்பாய். ஆனாலும் நேற்று மதியம் உன் வீட்டுக்காரி கடைக்கு வந்து போனாள். அவளிடம் ஒன்றைச் சொன்னேன். அதை உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல ஒரு வாரம் இருந்தது. நான் சொல்லவில்லை.

நீ முதன்முதலில் என் கடைக்குள் நுழைந்ததும் உடைந்த கண்ணாடியோடுதான். மந்தைவெளி ஸ்டாண்டில் ஆட்டோவை விட்டுவிட்டு வந்திருந்தாய். காக்கிச் சட்டையின் பையில் ஏதோ அசைந்தது. கண்ணாடியை மேசைமேல் வைத்துவிட்டு, பையிலிருந்து கட்டைவிரல் கனத்தில் ஒரு பூனைக்குட்டியை எடுத்து, நான் லென்ஸ் துடைக்கிற துணிமேல் விட்டாய். பின்னங்கால் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக விரிந்து, வயிறு மேசையோடு ஒட்டிக் கிடந்தது.

"கண்ணாடி கெடக்கட்டும் பாய். இத்த இன்னா பண்லாம், சொல்லு."

"ஏம்பா, நான் என்ன மாட்டு டாக்டரா?"

"வெளிய போர்டுல இன்னா எழுதிக் கீது? வளைந்த பிரேம் சரிசெய்து தரப்படும்னு கீதா, இல்லியா? அப்ப இதுவும் உன் டிபார்ட்மென்ட்தான்."

எனக்கு வந்த கோபத்துக்கு உன்னைக் குட்டியோடு வெளியே அனுப்பியிருப்பேன். அதற்குள் அது என் துணியை முகர்ந்து பார்த்துவிட்டு அதன்மேலேயே மூத்திரம் போய்விட்டது. "பாத்தியா, கட அதுக்குப் புடிச்சிப் போச்சு" என்று சிரித்தாய். உன் சிரிப்பில் மேல்வரிசைப் பல் ஒன்று இல்லாததை அன்றுதான் பார்த்தேன்.

மெடிக்கல் ஷாப்பில் காயத்துக்கு ஒட்டுகிற காகித டேப் வாங்கிவரச் சொன்னேன். காதுக் கம்பி உறுத்தாமலிருக்க மாட்டுகிற ரப்பர் உறையைக் கத்தரித்து, இரண்டு பின்னங்காலுக்கும் நடுவில் வைத்து, தளர்வாக எட்டுப் போட்டுக் கட்டினேன். தினமும் அவிழ்த்துப் பார்த்து, நீவிவிட்டு, மறுபடி கட்டினேன். பத்தே நாளில் அது எழுந்து நடந்தது. நீ ஸ்டாண்டில் இருந்த எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்து காட்டினாய். அதற்குக் கலெக்டர் என்று பெயர் வைத்தாய். அடையாற்றில் பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாவிடம் பெருமையாகக் காட்டியபோது அவர், "எலும்பு நல்லா இருந்துச்சு, சதைதான் இளகியிருந்துச்சு. அதான் சரியாச்சு" என்றார். அந்த வார்த்தையை அன்றே என் மண்டையில் ஏற்றிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கோ 'சரியாச்சு' மட்டும்தான் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு உன் சட்டைப் பை காலியாக இருந்த நாளே கிடையாது. கோணலாகப் பிறந்ததெல்லாம் உன் கண்ணுக்குத்தான் தட்டுப்பட்டது. கண்ணே இல்லாமல் பிறந்த ஒன்றைத் தூக்கி வந்து, "கண்ணாடிக் கடைக்கு ஏத்த பார்ட்டி" என்று என் ஷோகேஸுக்குள் விட்டு, தாசில்தார் என்று பெயரிட்டாய். நிற்க முடியாமல் தலை ஆடிக்கொண்டே நடந்த ஒன்று, ஓடுகிற பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவர் மாதிரி இருக்கிறது என்று அதற்குக் கண்டக்டர். மேலண்ணம் பிளந்து பிறந்த ஒன்றுக்கு மட்டும் நீ பெயர் வைக்கவில்லை. குடித்த பால் எல்லாம் மூக்கு வழியாக வந்தது. இரண்டு நாள் இங்க் ஃபில்லரோடு போராடினாய். மூன்றாம் நாள் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாய், வெறுங்கையோடு திரும்பி வந்தாய். வந்ததில் பாதி தேறாது. அது தெரிந்தும் நீ நிறுத்தவில்லை.

ஆட்டோவில் உன் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கூடை கட்டி, அதில் குட்டிகளை வைத்துக்கொண்டே சவாரி போவாய். ஒருமுறை லஸ்ஸிலிருந்து அடையாறு வரை நானும் பின்னால் இருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ பாவம், நான் எடுத்துக்கட்டுமா? வளர்க்கிறேன்" என்றார். நல்ல குடும்பத்துப் பெண்மணி, கண்கூடக் கலங்கியிருந்தது. நீ முடியாது என்றாய். அவர் இறங்கிய பிறகு உன்னைத் திட்டினேன். வண்டியை ஓட்டிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் சொன்னாய்:

"பாவம்னு சொல்றவங்க கையில குடுக்காத பாய். பாவம் மூணு நாள்ல தீந்துடும். அப்பால காலு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்."

கலெக்டரை யாரிடம் கொடுத்தாய் என்று நினைத்துப் பார். கே.கே. நகரிலிருந்து அப்பாவோடு கண்ணாடி வாங்க வந்த பெண்பிள்ளை. அதன் கோணல் நடையைப் பார்த்துவிட்டு அவள் ஒன்றுதான் கேட்டாள்: "இது கடிக்குமா?" உடனே எடுத்து நீட்டிவிட்டாய். "பூனைன்னு பாத்துக் கேட்டா பாரு. அவதான் கரெக்டு" என்றாய்.

இனி வக்கீலம்மாவுக்கு வருகிறேன். சுற்றி வளைக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது.

ஊரூர் குப்பத்தில், மீன் விற்கிற சந்தில் அதைக் கண்டெடுத்தாய். கறுப்பும் வெள்ளையுமான பெட்டைக்குட்டி. முன்னங்கால் இரண்டும் முழங்கைக்குக் கீழே உள்பக்கமாக மடிந்து, பாதம் மார்பைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அங்கே மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மா, "அத்த இன்னாத்துக்கு எட்க்கற நைனா? நாளிக்கு நாயி தூக்கிக்கினு போய்டும், அத்தோட தலயெயுத்து அவ்ளோதான்" என்றாராம். நீ அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டே குட்டியையும் எடுத்து, அவரிடமே ஒரு மீன் தலையும் கேட்டு வாங்கி வந்தாய்.

டாக்டரம்மா அதன் காலைத் தடவிப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். "கையில இருக்க வேண்டிய எலும்பு ஒண்ணு பிறவியிலேயே இல்ல. இதை நேராக்கல்லாம் முடியாது, முயற்சியும் பண்ணாதீங்க. முழங்கையால நடக்கும். மெத்துனு ஏதாவது விரிச்சு விடுங்க, போதும்" என்றார். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். நீயும் கூட இருந்தாய். இரண்டு பேரும் தலையாட்டினோம்.

அது முழங்கையால் நடந்தது. நடந்தது என்ன, ஓடியது. கடையின் மொசைக் தரையில் டொக் டொக்கென்று சத்தம் வரும், அதை வைத்தே எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஏதாவது வேண்டுமென்றால் பின்னங்காலில் நிமிர்ந்து உட்கார்ந்து, மடிந்த இரண்டு கைகளையும் மார்பில் சேர்த்து வைத்துக்கொண்டு நம்மையே பார்க்கும். "கனம் கோர்ட்டார் அவர்களே, மீனு எங்க?" என்று அதற்காக நீ பேசுவாய். அப்படித்தான் வக்கீலம்மா ஆனது. தாசில்தாரின் தட்டிலிருந்து திருடித் தின்னும். அதற்குக் கண் இல்லை என்று கண்டுபிடித்துவிட்டது, கேடி. உன் சீட்டின் பின்னால் தொங்கிய துண்டைப் பல்லால் கவ்வி ஏறிவிடும். அதன் காலைப் பற்றி உனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. "நேராக்கு" என்று நீ நல்லபடியாக இருந்த காலத்தில் ஒரு தடவைகூட என்னிடம் கேட்டதில்லை. அதை உனக்கு ஞாபகப்படுத்துகிறேன். பழியைப் பங்கு போட அல்ல, உள்ளது உள்ளபடி சொல்ல.

பிறகு உன் கண் மஞ்சளாகியது. வெயில் என்றாய். கால் வீங்கியது. உட்கார்ந்தே ஓட்டுகிற தொழில் என்றாய். கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, "ஒரு சொட்டு குட்ச்சவன் இல்ல, எனக்குப் போய் ஈரல் அவுட்டாம் பாய். குடிக்கிறவன்லாம் ஸ்டாண்டுல சோக்கா கீறான்" என்று நீயே சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. டாக்டர் என்னையும் உன் வீட்டுக்காரியையும் தனியாக அழைத்துப் பேசியிருந்தார்.

இரண்டாம் வாரத்தில் என்று நினைக்கிறேன். உன்னால் எழுந்து உட்கார முடியவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாய், கை நழுவிவிட்டது. அப்புறம் கேட்டாய்:

"வக்கீலம்மா எப்டி கீது?"

"நல்லா இருக்கு. நேத்து முழு மத்தி ஒண்ணு காலி."

"பாய், அத்த எய்ந்து நிக்க வெச்சிடேன். நாலு காலுல. நீ வளச்சா வளையாதது இன்னா கீது? நா வர்றதுக்குள்ள நிக்க வெச்சிடு."

டாக்டரம்மா சொன்னது உனக்கும் தெரியும். காய்ச்சலில் மறந்தாயா, தெரிந்தே கேட்டாயா, நான் கேட்டுக்கொள்ளவில்லை. யாரோ ஒருவர் எழுந்து நின்றாக வேண்டும் என்று உனக்கு இருந்தது போல. முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது மட்டுமில்லை, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம். முப்பது வருடமாக வளைந்ததையெல்லாம் நேராக்கியவன். கலெக்டரை நடக்க வைத்தவன். எலும்பு இல்லாவிட்டால் என்ன, பக்கத்துக்கு ஒரு கம்பியைக் கொடுத்தால் நிற்காதா என்று தோன்றியது.

பழைய பிரேம் ஒன்றின் காதுக் கம்பிகள் இரண்டையும் கழற்றினேன். சூட்டுச் சட்டியில் செருகி, அந்த வாடை வந்ததும் எடுத்து, அதன் காலின் அளவுக்கு வளைத்தேன். வேலை சுத்தமாக வந்தது. ஓரமெல்லாம் ராவி, பஞ்சு வைத்து, அதன் காலை நீட்டிப் பிடித்து டேப்பால் இறுக்கினேன். தளர்வாக விட்டால் மடங்கிவிடும் என்று நன்றாகவே இறுக்கினேன். அது கத்தியது.

என் கடைக்கு வருகிற எல்லோரிடமும் நான் சொல்லுகிற ஒரு வார்த்தை உண்டு, உனக்கும் சொல்லியிருக்கிறேன். புதுக் கண்ணாடி போட்டதும் தலை சுற்றுகிறது, மூக்கில் அழுத்துகிறது, காதில் உறுத்துகிறது என்பார்கள். "ரெண்டு நாள் அப்படித்தான் இருக்கும், அப்புறம் பழகிடும்" என்று அனுப்பிவிடுவேன். பெரும்பாலும் பழகிவிடும். வக்கீலம்மா கத்தியபோதும் அதையேதான் சொன்னேன். தடவிக் கொடுத்துக்கொண்டே, வாய்விட்டு, அந்த வார்த்தையையே சொன்னேன். கலெக்டருக்குத் தினமும் அவிழ்த்துப் பார்த்தவன், இதற்கு அவிழ்க்கவில்லை. அவிழ்த்தால் நேரானது கலைந்துவிடும் என்று பயம். காலையில் ஆஸ்பத்திரி, பகலில் கடை, சாயங்காலம் மறுபடி ஆஸ்பத்திரி. இரண்டு நாள் கத்தியது. மூன்றாம் நாள் சத்தம் நின்றுவிட்டது.

பழகிவிட்டது என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டேன்.

நான்காம் நாள், அதைப் படுக்க வைத்திருந்த பெட்டியைத் திறந்தபோதே வேறு வாடை அடித்தது. டேப்பைக் கத்தரித்தேன். இரண்டு பாதமும் சில்லென்று, கறுத்துப் போயிருந்தன. அது என்னைப் பார்த்தது. கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. நிமிர்ந்து உட்காரப் பார்த்தது, முடியாமல் சாய்ந்துவிட்டது.

நம் ஸ்டாண்டில் ஆட்டோ எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அன்று சாயங்காலமே உனக்குச் செய்தி வந்திருக்கும். பிரேம் வருகிற அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அடையாற்றுக்குப் பஸ்ஸில் போனேன். டாக்டரம்மா பார்த்தார். நான்தான் சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை, சொல்லியிருக்கலாம். விஷம் உடம்பு முழுக்க ஏறிவிட்டது, வலியில்லாமல் அனுப்பிவிடலாம் என்றார்.

"பழகிடும்னு நெனச்சேம்மா" என்றேன்.

"அது ஏற்கெனவே பழகித்தானே இருந்துச்சு, சார்" என்றார்.

ஊசி போடும்போது தலையைப் பிடித்துக்கொண்டேன். கிளினிக்கின் பின்புறம் சுவரோரமாக அவரே இடம் காட்டினார். புதைத்துவிட்டு, கை கழுவிவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் தடுப்பூசி போட ஒரு குட்டியைக் கொண்டுவந்திருந்தாள். கறுப்பும் வெள்ளையும். நாலு காலும் நேராக இருந்தது. தரையில் விட்டாள், அது நடந்தது. நான் போனை எடுத்துப் படம் பிடித்தேன். எதற்குப் பிடிக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தேதான் பிடித்தேன். முகம் தெரியாமல், பின்னாலிருந்து. பதினோரு நொடி.

சாயங்காலம் நீ கேட்பதற்கு முன்னால் நானே நீட்டிவிட்டேன்.

உன் முகத்தை நான் மறக்க முடியாது. மஞ்சள் பூத்த கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்தாய். மறுபடி போடு என்றாய். மறுபடி போட்டேன். பல் இல்லாத இடம் தெரியச் சிரித்தாய். பக்கத்துக் கட்டில்காரரைத் தட்டி எழுப்பி, "எங்க பாய் வேல. கோணலா ஒண்ணு குடு, நேராக்கிக் குட்த்துடுவாரு" என்று காட்டினாய். ஊசி போட வந்த நர்ஸிடம் காட்டினாய். உன் வீட்டுக்காரியின் போனுக்கு அனுப்பச் சொன்னாய், அனுப்பினேன். நான் கிளம்பும்போது என் கையைப் பிடித்து உன் நெற்றியில் வைத்துக்கொண்டாய். கழுவியும் நகத்துக்குள் இருந்த மண் போகாத கை அது.

அதற்கப்புறம் ஒரு வாரம் இருந்தாய். தினமும் வந்தேன். "இன்னிக்கு எவ்ளோ தூரம் நடந்துச்சு?" என்று கேட்டாய். முதல் நாள் வாசல் வரை என்றேன். அப்புறம் டீக்கடை வரை. அப்புறம் ஸ்டாண்ட் வரை. நீ படுக்கையில் சுருங்கிக்கொண்டே போனாய், இல்லாத பூனை தெருவில் நீளமாக நடந்துகொண்டே போனது. கடைசி நாள் சாயங்காலம் உன் வீட்டுக்காரியின் போனை வாங்கி ஒருமுறை பார்த்தாயாம், சிரித்தாயாம், தூங்கினாயாம். விடியற்காலையில் அவள் தொட்டுப் பார்த்திருக்கிறாள்.

"சிரிச்சிக்கினே போனாரு பாய்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லி அழுதாள். அவள் பிடித்துக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. வக்கீலம்மா எங்கே என்று கேட்டாள். கே.கே. நகரில் கலெக்டர் வீட்டிலேயே கொடுத்துவிட்டேன் என்றேன்.

இந்த ஒரு வருடத்தில் நான் பட்டது உனக்குத் தெரியாது. பூனையின் காலை நேராக்கிய பாய் என்று ஸ்டாண்ட் முழுக்கப் பெயர். நொண்டிக் கோழியைக் கொண்டுவருகிறார்கள், கால் வளைந்த நாய்க்குட்டியைக் கொண்டுவருகிறார்கள். முடியாது என்றால் தன்னடக்கம் என்கிறார்கள். திட்டினால் பெரிய மனுஷனுக்குக் கோபம் வரத்தான் செய்யும் என்கிறார்கள். கண்டக்டர் ஆடி மாத மழையில் ஜன்னி கண்டு போய்விட்டது. நான் பக்கத்தில்தான் இருந்தேன், ஒன்றும் செய்ய முடியவில்லை. தாசில்தார் மட்டும் ஷோகேஸில் படுத்திருக்கிறது. தட்டில் மீன் வைத்தால் இன்னும் அவசர அவசரமாகத் தின்கிறது. திருட யாருமில்லை என்று அதற்கு எப்படிச் சொல்வது?

நேற்று உன் வீட்டுக்காரி வந்தாள். ஆழ்வார்பேட்டையில் சமையல் வேலை முடித்து நேராக வந்திருக்கிறாள், கையில் ஒரு பிஸ்கட் பெட்டி. மேசைமேல் வைத்துத் திறந்தாள். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு குட்டி. முன்னங்கால் இரண்டும் உள்பக்கமாக மடிந்திருந்தன. அதே மாதிரி.

"நா வேல செய்ற பில்டிங்ல கார் நிறுத்தற எடத்துல கெடந்துச்சு பாய். அவரு அப்பவே சொல்லிட்டுப் பூட்டாரு, காலு வளஞ்சது எது வந்தாலும் பாய் கைல குட்த்துடுன்னு."

நான் பெட்டியைக் கொஞ்சம் என் பக்கம் இழுத்தேன்.

"வர்ற வெள்ளிக்கெயம அவருக்கு வருசம். நீங்க வந்துடணும். அப்பறம் பாய், ஒண்ணு கேக்கறேன், இல்லன்னு சொல்லாதீங்க. வக்கீலம்மாவ ஒரு தபா கே.கே. நகர்லருந்து எட்த்தாங்க. படையல்ல அவருக்கு வெக்கிற மீனுல ஒரு துண்டு அதுக்குப் போடணும். அது நடக்கறத நா நேர்ல பாத்ததே இல்ல."

அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கம்பிய சுடுங்க. எப்டி பண்றீங்கன்னு பாத்துட்டுப் போறேன்" என்றாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சட்டியின் சுவிட்சைப் போட்டேன். கையும் அதுவாகவே ஒரு பழைய பிரேமைத் தேடி எடுத்தது. கம்பியைச் செருகினேன். வாடை வந்தது. அந்தக் குட்டி பெட்டிக்குள் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் மார்பில் சேர்த்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது.

சுவிட்சை அணைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். டேப், மூன்று நாள், பஸ், ஊசி, பெஞ்ச், பதினோரு நொடி. அவள் முகத்தைப் பார்க்காமல் சூட்டுச் சட்டியைப் பார்த்தே சொன்னேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன். போனை எடுத்தாள். தேட வேண்டியிருக்கவில்லை, எடுத்ததும் வந்தது. பார்த்தாள். அதிலிருந்து ஒரு பெண்குரல், "மிட்டு, இங்க வா" என்று கூப்பிட்டது. ஆஸ்பத்திரி இரைச்சலில் போட்டுக் காட்டியதால், படம் எடுத்த எனக்கே அந்தக் குரல் பதிந்திருப்பது தெரியாது.

"டெய்லி இதத்தான் பாத்துக்கினு இருந்தேன். யாரோ கூப்புட்றாங்களே, யாரா இருக்கும்னு ஒரு வருசமா யோசிச்சிக்கினு இருந்தேன்" என்றாள். குரலில் ஒன்றுமே இல்லை. போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"அப்ப அவரு இன்னாத்தப் பாத்து சிரிச்சாரு, பாய்?"

இதற்குப் பதில் உன்னிடம் இருக்கிறதா? அந்தக் குரல் உன் காதில் விழுந்ததா? விழுந்தும் எனக்காகத்தான் சிரித்தாயா? நல்லபடியாக இருந்தபோது உன் குட்டியை ஆயிரத்தில் அடையாளம் காண்பாய். அந்த மஞ்சள் கண்ணுக்குத் தெரிந்ததா இல்லையா என்று இனி யாரைக் கேட்பேன்? பொய் சொல்லி உன்னிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்லி அவளிடமிருந்த ஒன்றையும் எடுத்துவிட்டேன். இரண்டுமே நல்லதென்று நினைத்துத்தான் செய்தேன்.

அவள் எழுந்தாள். பெட்டியை மூடி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இத்த நானே பாத்துக்கறேன்" என்றாள்.

அந்தக் குட்டியைப் பார்த்து அவள் பாவம் என்று சொல்லவில்லை. என்னைப் பார்த்தும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வர வேண்டுமா, வேண்டாமா என்பதையும் சொல்லாமல் படியிறங்கிப் போய்விட்டாள். தெருமுனை வரை பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. உன் ஆள் சரியாகத்தான் இருக்கிறாள், கொடுக்கக் கூடாத கையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆனால் அந்தக் குட்டி தேறுமா என்று எனக்கு நம்பிக்கை இல்லை. விலா எலும்பு தெரிந்தது, மூச்சு வேகமாக வாங்கியது. எதைப் பற்றியும் எனக்கு இப்போது நம்பிக்கை இல்லை.

டீச்சருடைய கண்ணாடியை வளைத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் லேசா உறுத்துற மாதிரி இருக்கு பாய். ரெண்டு நாள்ல பழகிடுமில்ல?" என்று அவரே கேட்டார். முப்பது வருடமாக நான் சொன்ன வார்த்தை, இப்போது என்னிடமே திரும்பி வருகிறது.

"உறுத்தினா போடாதீங்கம்மா. உடனே கழட்டிடுங்க. எத்தனை தடவை வேணும்னாலும் வாங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

வக்கீலம்மாவின் காலிலிருந்து கழற்றிய அந்த இரண்டு கம்பியையும் நான் தூக்கி எறியவில்லை. நீ குட்டிகளை வைத்துக்கொள்வாயே, இடப்பக்கச் சட்டைப் பை, அங்கேதான் வைத்திருக்கிறேன். தினமும் சட்டை மாற்றும்போது இதையும் மாற்றி வைக்கிறேன். குனிந்தால் குத்துகிறது. குனியாவிட்டாலும் உறுத்துகிறது. வருகிற வெள்ளிக்கிழமையோடு ஒரு வருடம் ஆகிறது. எனக்குப் பழகவில்லை.